என்னைவிட நான்கு வயது மூத்த மகன்

எனக்கு ஒரு மகன் இருக்கிறான் என்ற செய்தியை வரித் துறையின் இணையதளம்தான் முதலில் எனக்குத் தெரிவித்தது. மகனுக்கு என்னைவிட நான்கு வயது கூடுதல்.

அந்த இணையதளத்தின் பெயர் ‘சுலபம்’. பெயர் வைத்தவரை நான் இன்னும் நேரில் பார்க்கவில்லை. பார்த்தால் கேட்க இரண்டு கேள்விகள் வைத்திருக்கிறேன், இரண்டையும் அச்சில் போட முடியாது. முன்பெல்லாம் வருடா வருடம் கணக்குக் கொடுக்க அலுவலகத்துக்கே போக வேண்டும். ஜன்னலுக்குப் பின்னால் ஒரு குமாஸ்தா இருப்பார். தாளை வாங்குவார், கையெழுத்து கோணலாக இருக்கிறது என்று திட்டுவார், முத்திரையைக் குத்தித் தூக்கிப் போடுவார். வெளியே வந்து ஒரு டீ குடித்தால் அந்த வருடத்துக்கு அரசாங்கத்துக்கும் நமக்கும் இருந்த பேச்சுவார்த்தை முடிந்தது. இந்தக் கொடுமையிலிருந்து மக்களை விடுவிக்கத்தான் சுலபம் வந்தது. இப்போது திட்ட ஆள் இல்லை, முத்திரை குத்தவும் ஆள் இல்லை.

நான் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். லென்ஸைத் தேய்த்து பிரேமுக்குள் உட்கார வைப்பது என் வேலை. இம்மி பிசகினாலும் போட்டவருக்குத் தலைவலி வரும். மறுநாளே வந்து சத்தம் போடுவார். நான் வாங்கிப் பார்த்துத் திருத்திக் கொடுப்பேன். ஒரு தப்பைத் திருத்துவது என்றால் அவ்வளவுதான் என்று நாற்பது வயது வரை நினைத்துக்கொண்டிருந்த அப்பாவி நான்.

அன்று கடையை அடைத்துவிட்டு வந்து, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து போனில் சுலபத்தைத் திறந்தேன். எதிரில் மனைவி, வீங்கிய கால்களை இன்னொரு நாற்காலியில் தூக்கி வைத்திருந்தாள். ஒன்பதாம் மாதம். ‘உங்களுக்குச் சிரமம் வேண்டாம் என்று எல்லா விவரங்களையும் நாங்களே நிரப்பிவிட்டோம்’ என்றது சுலபம். வருமானம் சரியாக இருந்தது. கடை வாடகை சரியாக இருந்தது. மனைவியும் சரியாகத்தான் இருந்தாள். அதற்குக் கீழே, ‘மகன்: ஒருவர். வயது: நாற்பத்து நான்கு. தொழில்: லிப்ட் மெக்கானிக்.’ அதற்கும் கீழே இரண்டு பொத்தான்கள். ஒன்று ‘ஒப்புக்கொள்கிறேன்’. இன்னொன்று ‘பிறகு ஒப்புக்கொள்கிறேன்’.

“என்னங்க, வாயைப் பொளந்துகிட்டு உக்காந்திருக்கீங்க? எவ்வளவு கட்டச் சொல்றான்?” என்றாள் மனைவி.

“நமக்கு ஒரு பையன் இருக்கானாம்.”

“ஸ்கேன் எடுத்த டாக்டரம்மாவே சொல்லல, இவங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?”

“அந்தப் பையன் இல்ல. இவனுக்கு நாப்பத்தி நாலு வயசு.”

போனை வாங்கிப் பார்த்தாள். இரண்டு தடவை படித்தாள். “நல்லதாப் போச்சு. வளத்து ஆளாக்குற செலவு மிச்சம்,” என்று சொல்லி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அவள் சிரித்தது எனக்குப் பெரிய விஷயம். இதற்கு முன்பு ஒன்று தங்கி, ஆறாம் மாதத்தில் போய்விட்டது. அன்றைக்கு ஆஸ்பத்திரியில் ஆண்களை உள்ளே விடுவதில்லை என்று என்னை வாசலில் நிறுத்திவிட்டார்கள். உள்ளே அவள் தனியாகக் கிடந்தாள். எவ்வளவு நேரம் என்று அவளும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. வெகுகாலம் கழித்து இது தங்கியபோது அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “இந்த தடவ நீங்க பக்கத்துல இருக்கணும்.” இருப்பேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன்.

இப்போது விதி மாறிவிட்டது. பிரசவத்தின்போது தாயோடு ஒருவர் இருக்கலாம். அந்த ஒருவர் யார் என்பதைக் குடும்பச் சான்றிதழ் சொல்ல வேண்டும். குடும்பச் சான்றிதழை, அந்த வருடக் கணக்கை முடித்தவர்களுக்கு மட்டும், வரித் துறை கொடுக்கும். நான்தான் புருஷன் என்று வாயால் சொன்னால் நம்பிய காலத்தில் நிறைய முறைகேடு நடந்ததாம்.

“ஒப்புக்கிட்டுப் போங்க. ஒரு பையன்தானே, இருந்துட்டுப் போகட்டும்,” என்றாள்.

ஒப்புக்கொண்டேன். சிவப்பு எழுத்தில் பதில் வந்தது. ‘பிழை. மகனின் வயது தந்தையின் வயதைவிடக் கூடுதலாக இருக்க முடியாது. திருத்தவும்.’ திருத்தப் போனேன். ‘இந்த விவரம் ஏற்கெனவே சரிபார்க்கப்பட்டது. திருத்த முடியாது.’ அதாவது அவர்களே எழுதினார்கள், அவர்களே தப்பு என்றார்கள், அவர்களே சரி என்றார்கள். நடுவில் என்னை எதற்குக் கூப்பிட்டார்கள் என்றுதான் தெரியவில்லை.

மூலையில் ஒரு பெண் படம் கையசைத்தது. ‘நான் தோழி. உங்கள் வரியை மகிழ்ச்சியாக்க வந்திருக்கிறேன்.’ எனக்கு மகன் இல்லை என்று தட்டினேன். ‘வருந்துகிறேன். குழந்தைப்பேறு சிகிச்சைக்கான வரிச்சலுகை பற்றி அறிய ஒன்றை அழுத்தவும்.’ மகன் இருப்பதாகப் போட்டிருக்கிறது, ஆனால் அவன் என் மகன் இல்லை என்றேன். ‘குடும்பப் பிரச்சினைகளில் தோழி தலையிடுவதில்லை.’ மகன் என்னைவிட மூத்தவன் என்றேன். தோழி கொஞ்சம் யோசித்தாள். ‘தந்தையின் வயதை அறுபதுக்கு மேல் உயர்த்திக்கொள்ள ஆலோசனை வழங்குகிறேன். முதியோர் சலுகைக்கும் தகுதி பெறுவீர்கள்.’ அதற்கு நான் தட்டியதைப் படித்துவிட்டு, இந்த மொழி தனக்குத் தெரியாது என்றாள். நான் தட்டியது தாய்மொழியில்தான்.

ஆகவே நேரடி உதவி மையத்துக்குப் போனேன். நேரடி உதவி மையத்துக்கு நேரடியாகப் போக முடியாது, சுலபத்தில் டோக்கன் எடுக்க வேண்டும். டோக்கன் எடுக்க, கணக்கில் பிழை இருக்கக் கூடாது. கணக்கில் பிழை இல்லாதவர் அங்கே எதற்குப் போகிறார் என்று நான் யாரையும் கேட்கவில்லை. பக்கத்துக் கடை சலவைக்காரர் தன் பெயரில் ஒரு டோக்கன் எடுத்துக் கொடுத்தார்.

பெரிய கூடம். பல் கிட்டும் அளவுக்கு ஏசி. தரையோடு திருகிய இரும்பு நாற்காலிகள். சுவரில் பெரிய திரையில், ஒரு குடும்பம் மடிக்கணினியைச் சுற்றி உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தது. அவர்கள் வரி கட்டுகிறார்களாம். திரைக்குக் கீழே ஒரு பெரியவர் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். அவர் டோக்கன் போன வாரத்தது.

என்னைக் கூப்பிட்டவரின் சட்டையில் ‘சிறப்பு அதிகாரி, குடிமக்கள் மகிழ்ச்சி’ என்று அட்டை குத்தியிருந்தது. அவருடைய மூக்குக் கண்ணாடியின் இடது திருகு தளர்ந்து, கண்ணாடி மூக்கு நுனிவரை இறங்கிவிட்டது. என்னையும் சரி, கணினியையும் சரி, அவர் கண்ணாடிக்கு மேலாகத்தான் பார்த்தார். நான் என் கதையைச் சொன்னேன். மகிழ்ச்சியோடு கேட்டுக்கொண்டார்.

“சார், நீங்க முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கணும். முன்ன இங்க பேனா இருந்துச்சு. பேனா இருந்தா அடிக்கலாம், மாத்தலாம், எழுதலாம். அதனாலதான் லஞ்சம் இருந்துச்சு. இப்ப பேனாவையே எடுத்துட்டோம். இந்தக் கட்டடத்துல ஒரு தப்பைத் திருத்தற அதிகாரம் ஒருத்தருக்கும் கிடையாது. எனக்குக் கிடையாது, எங்க ஆணையருக்கே கிடையாது. அவ்வளவு நேர்மையா இருக்கோம்.”

“அப்ப தப்பு எப்படி சார் நடக்குது?”

“அது சிஸ்டம் பண்றது. அதுல மனுஷன் கை படவே படாது.”

“நீங்க இங்க என்ன சார் பண்றீங்க?”

“உதவி பண்றோம்,” என்றார், கொஞ்சம் மனம் நொந்து.

பிறகு அவர் விளக்கினார். பிள்ளையைச் சேர்க்கச் சொல்லி தினமும் ஆட்கள் வருகிறார்கள், சலுகை கிடைக்கும் என்று. நீக்கச் சொல்லி வந்தவன் நான் ஒருவன்தான். “எப்படி சார் மனசு வருது? பெத்த பிள்ளைய?”

“நான் பெக்கல சார்.”

“அதை உங்க மகன் சொல்லணும். அவர் போனுக்கு இப்ப ஒரு ரகசிய எண் போகும். அதை வாங்கிக்கிட்டு ரெண்டு பேரும் சேந்து வாங்க.”

“அவர் யாருன்னே எனக்குத் தெரியாதே.”

“பெத்தவங்களுக்கும் பிள்ளைங்களுக்கும் நடுவுல இந்தக் காலத்துல இடைவெளி ஜாஸ்தி ஆயிடுச்சு சார்,” என்று அவர் பெருமூச்சு விட்டார்.

கிளம்பும்போது எனக்குப் பொறுக்கவில்லை. சட்டைப் பையில் எப்போதும் வைத்திருக்கும் குட்டித் திருப்புளியை எடுத்து, அவர் கண்ணாடியை வாங்கித் திருகை முடுக்கிக் கொடுத்தேன். போட்டுப் பார்த்தவர், “அட, நல்லாத் தெரியுதே,” என்று சொல்லிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்.

இரண்டு நாள் கழித்து என் கடைக்குள் ஓர் ஆள் வந்து நின்றார். ஆறடி உயரம், காதோரம் நரை, தோளில் கனத்த கருவிப் பை, நீலச் சீருடை. என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“அப்படி என்ன தப்புப் பண்ணிட்டேன்னு என்னை நீக்கறீங்கப்பா?” என்றார்.

நான் கையில் இருந்த லென்ஸைக் கீழே போட்டுவிட்டேன். அவர் குனிந்து பொறுக்கிக் கொடுத்தார். அதன்பிறகு இரண்டு பேரும் சிரித்தோம். அவர் போனில், ‘உங்களை மகன் என்ற பொறுப்பிலிருந்து நீக்குமாறு உங்கள் தந்தை கோரியுள்ளார். நீங்கள் ஏமாற்றம் அடைந்திருந்தால் ஆலோசனைக்கு அழைக்கவும்’ என்று செய்தி வந்திருந்தது. கீழே அந்த ரகசிய எண்ணும் என் கடை முகவரியும்.

நான் கொடுத்த டீயை அவர் நின்றுகொண்டே குடித்தார். “எங்கப்பா போய் இன்னும் வருஷம் திரும்பல. நானே சுலபத்துல பதிஞ்சேன், அப்பா இறந்துட்டார்னு. இந்த வருஷம் திறந்து பாத்தா அப்பா இருக்கற இடத்துல நீங்க இருக்கீங்க. வயசு நாப்பது. எங்கம்மா அதப் பாத்துட்டு ரெண்டு நாள் என்கூடப் பேசல, நான்தான் ஏதோ சலுகைக்காக ஆள் மாத்திட்டேன்னு.” கோப்பையை மேசையில் வைத்தார். “உங்களச் சொல்லிக் குத்தமில்ல சார். ஆனா எங்கப்பா ஒரு ஆளா இருந்தாரு.”

“வாங்கண்ணே, போய்க் கேட்டுட்டு வந்துருவோம்,” என்றேன். அப்பன் மகனை அண்ணே என்று கூப்பிட்ட முதல் நிகழ்ச்சி அநேகமாக அதுதான்.

நாங்கள் போன நாளில் மையத்தில் சுலபத்தின் ஆண்டு விழா. திருகியிருந்த நாற்காலிகளில் விருந்தினர்கள் உட்கார்ந்திருந்தார்கள். டோக்கன்காரர்கள் எல்லாரும் சுவரோரம் வரிசையாக நின்றுகொண்டிருந்தோம். மேடையில் ஆணையர் பேசினார்.

“இன்று ஒரு குடிமகன்கூட வரிசையில் நிற்பதில்லை என்பதைப் பெருமையோடு சொல்கிறேன்,” என்றார். சுவரோரம் லேசான சலசலப்பு. “நிற்பவர்கள் தங்கள் சொந்த விருப்பத்தில் நிற்கிறார்கள். முன்பு ஒரு புகாரைத் தீர்க்க இரண்டு மாதம் ஆனது. ஏன் என்று ஆராய்ந்தோம். புகாரைப் படிப்பதில்தான் நேரம் போகிறது என்று கண்டுபிடித்தோம். படிப்பதை நிறுத்தினோம். இப்போது புகார் வந்த நொடியே தீர்ந்துவிடுகிறது!” விருந்தினர்கள் கைதட்டினார்கள். “இன்னும் சிலர், வேலை செய்யவில்லை என்கிறார்கள். நானும் என் வரிக்கணக்கைச் சுலபத்தில்தான் கொடுக்கிறேன். எனக்கு ஒரு சிரமமும் இருந்ததில்லை. என் உதவியாளரைக் கேட்டுப் பாருங்கள்.”

பின்னால் நின்ற உதவியாளர் தலையைக் குனிந்துகொண்டார்.

அப்போது சிறப்பு அதிகாரி எங்களைப் பார்த்துவிட்டார். நான் முடுக்கிக் கொடுத்த கண்ணாடியின் புண்ணியம். “அப்பாவும் மகனும் சேந்து வந்துட்டாங்க!” என்று மேடையைப் பார்த்துக் கூவினார். யார் எங்களைத் தள்ளினார்கள் என்று தெரியாது, அடுத்த நிமிடம் இரண்டு பேரும் மேடையில் இருந்தோம். ‘சுலபத்தால் இணைந்த குடும்பம்’ என்றார்கள். ஆணையர், சுலபம் என்று பொறித்த காபிக் கோப்பையை மெக்கானிக் கையில் கொடுத்து, “உங்களைப் போன்ற தந்தைகள்தான் வேண்டும்,” என்றார். சிறப்பு அதிகாரி அவர் காதில் ஏதோ சொன்னார். ஆணையர் என்னைப் பார்த்தார், மெக்கானிக்கைப் பார்த்தார், பிறகு கோப்பையைப் பிடுங்கி என்னிடம் கொடுத்தார். தவறைத் திருத்தும் அதிகாரம் ஆணையருக்குக் கிடையாது என்று சொன்னது பொய். நானே கண்ணால் பார்த்தேன்.

விழா முடிந்ததும் சிறப்பு அதிகாரியின் அறையில் உட்கார்ந்தோம். மெக்கானிக்கின் அப்பா இறந்துவிட்டார் என்று கேட்டதும் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

“போன வருஷம் எல்லாருக்கும் புது வரி எண் கொடுத்தோமில்லையா? அதுல எண் சிக்கனத் திட்டம்னு ஒண்ணு. இறந்தவங்க எண்ணை வீணாக்காம, துடைச்சு, உயிரோட இருக்கறவங்களுக்குக் கொடுத்துடறோம். இவரோட அப்பா எண்தான் உங்களுக்கு வந்திருக்கு. துடைக்கும்போது மகன் மட்டும் ஒட்டிக்கிட்டு வந்துட்டார் போல.”

“இப்ப துடைச்சு விட்ருங்களேன் சார்.”

“துடைக்க முடியாது. மகனை நீக்கறதுக்கும் வழியில்ல, ரெண்டு பேரும் சேந்து மேடையேறிட்டீங்க, உறவு உறுதியாயிடுச்சு.” கணினியைக் கண்ணாடி வழியாகவே பார்த்துக்கொண்டு ஏதோ தட்டினார். “ஆனா தந்தையை நீக்கலாம். அதுக்குக் காரணம் கேக்குது. ஒரே காரணம்தான் இருக்கு, இறப்பு. இவர்கிட்ட அப்பாவோட இறப்புச் சான்றிதழ் இருக்கில்ல? அதை ஏத்திருங்க, முடிஞ்சுது.”

எனக்கு எங்கேயோ இடித்தது. “சார், அந்த எண் இப்ப என்னோடதாச்சே? சான்றிதழ் போய் என் தலையில விழாதா?”

“சிஸ்டம் என்ன முட்டாளா சார்?” என்று அவர் சிரித்தார்.

மெக்கானிக் போனில் சான்றிதழை எடுத்தார். ஏற்றுவதற்கு முன் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். “இதோட எங்கப்பாவ ரெண்டாவது தடவ சாகடிக்கறேன்,” என்று மெதுவாகச் சொன்னார். பிறகு அழுத்தினார். எங்கள் வாழ்க்கையில் சுலபம் உடனே வேலை செய்தது அந்த ஒரு தடவைதான். ‘ஏற்கப்பட்டது’ என்று பச்சை எழுத்தில் வந்தது. மூன்று பேரும் கைகுலுக்கிக்கொண்டோம்.

மறுநாள் காலை பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது செய்தி வந்தது. ‘அன்புள்ள வரிசெலுத்துநரே, தங்கள் மறைவுக்கு ஆழ்ந்த இரங்கல். தங்கள் இறுதி வரிக்கணக்கை ஒரு மாதத்துக்குள் தாங்களே தாக்கல் செய்யவும். உள்ளே நுழையக் கேமராவைப் பார்த்துக் கண் சிமிட்டவும்.’ வாயில் நுரையோடு கண் சிமிட்டினேன். ‘இறந்தவர் கண் சிமிட்ட இயலாது. இது மோசடி முயற்சியாகப் பதிவு செய்யப்படுகிறது.’

“என்னங்க! சான்றிதழ் வந்துருச்சு!” என்று படுக்கையறையிலிருந்து மனைவி சந்தோஷமாகக் கத்தினாள். அப்புறம் சத்தமில்லை. நான் ஓடிப் போய்ப் பார்த்தபோது அவள் போனை என்னிடம் நீட்டினாள். ‘கணவர்: காலமானார். கணவரை இழந்தோருக்குக் கணக்கிலிருந்து விலக்கு. மூத்த மகன்: ஒருவர். பிரசவத் துணை: மூத்த மகன். தங்கள் நிலையைக் கருதி முன்னுரிமைப் படுக்கை ஒதுக்கப்பட்டுள்ளது.’ நான் படித்து முடிப்பதற்குள் அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். குழந்தையும் சிஸ்டத்தை மதிக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் எங்களை ராஜ மரியாதையோடு வரவேற்றார்கள். முன்னுரிமை. தள்ளுவண்டி தயாராக நின்றது. வரவேற்பில் இருந்த பெண் திரையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“இவர் யாரும்மா?”

“என் புருஷன்.”

அந்தப் பெண் எழுந்து வந்து என் மனைவியின் தலையைத் தடவினாள். “மனசைத் தேத்திக்கணும்மா. இந்த நேரத்துல அவர் நெனப்பு வர்றது சகஜம்தான்.”

“அவர் நெனப்பு இல்ல, அவரேதான்! இதோ நிக்கறாரு!”

“சார், நீங்க கொஞ்சம் வெளிய இருங்க. அவங்களக் குழப்பாதீங்க.”

நான் கத்தினேன். அடையாள அட்டையைக் காட்டினேன், அந்த எண்ணைத் தட்டியதும் அதுவும் செத்துப்போயிருந்தது. கல்யாணப் படத்தைப் போனில் காட்டினேன். “பாவம், நல்லா இருந்திருக்காரு,” என்றாள் அந்தப் பெண், நிஜமான வருத்தத்தோடு. மனைவி என் விரல்களை விடவில்லை. காவலாளி வந்து ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தான். கதவு மூடும்போது அவள் சொன்னது எனக்குக் கேட்டது. “மறுபடியுமா?” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். எனக்கு அழுகை வரவில்லை, அந்த இணையதளத்தைக் கழுத்தைப் பிடித்து நெரிக்க வேண்டும் போல் ஆத்திரம் வந்தது. அதற்குக் கழுத்து கிடையாது, அதுதான் அவர்கள் கெட்டிக்காரத்தனம்.

மகனுக்குப் போன் செய்தேன். வேறு யாருக்குச் செய்வது? கருவிப் பையோடு அப்படியே ஓடி வந்தார். அவருடைய எண்ணைத் தட்டியதும் கதவுகள் திறந்தன. ‘மகன்’ என்று எழுதிய பட்டையை மணிக்கட்டில் கட்டினார்கள். அவர் கூனிக்குறுகிப்போய் என்னைப் பார்த்தார்.

“நான் எப்படி சார் உள்ள போவேன்? அவங்க எனக்குத் தங்கச்சி மாதிரி.”

“போங்கண்ணே. உள்ள அவ தனியா இருக்கா. அறைக்குள்ள வேணாம், வெளிய நில்லுங்க. ஆள் இருக்குன்னு குரலாவது கொடுங்க.”

இரண்டு அடி வைத்தவர் நின்றார். சீருடையைப் பார்த்தார், வராந்தாக் கோடியில் இருந்த லிப்டைப் பார்த்தார். “இந்த ஆஸ்பத்திரி லிப்ட் எங்க கம்பெனிதான் சார்,” என்றார்.

ஐந்து நிமிடத்தில் நான் அவருடைய நீலச் சட்டைக்குள் இருந்தேன். என் கை நுனி சட்டைக் கைக்குள்ளேயே தொலைந்துபோயிருந்தது. கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு, சாமான் ஏற்றும் லிப்டில் மேலே போனேன். வழியில் இரண்டு காவலாளிகள். ஒருவனும் எண் கேட்கவில்லை, சான்றிதழ் கேட்கவில்லை, கண் சிமிட்டச் சொல்லவில்லை. ஒருவன் மட்டும், “நாலாவது மாடி லிப்ட் சத்தம் போடுதுப்பா, அதையும் பாத்துரு,” என்றான்.

பிரசவ அறை லிப்டுக்கு நேர் எதிரில் இருந்தது. அறை வாசலில் மகன் பனியனோடு சுவரைப் பார்த்தபடி நின்றிருந்தார். நான் லிப்ட் கதவைத் திறந்து நிறுத்தி, முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, என் சட்டையிலிருந்து மாற்றி வைத்திருந்த குட்டித் திருப்புளியை எடுத்தேன். லிப்டில் அந்த அளவுக்குத் திருகே கிடையாது. இருந்தாலும் திருகினேன்.

உள்ளே அவள் அலறினாள். “எங்க இருக்கீங்க?”

“லிப்ட்ல இருக்கேன்!” என்று கத்தினேன்.

“எங்க?”

“வாசல்ல! லிப்ட்ல! எங்கயும் போகல!”

ஒரு நர்ஸ் எட்டிப் பார்த்தாள். “ஏம்பா, இது பிரசவ வார்டு. லிப்ட்ல இருக்கறத ஊருக்கெல்லாம் சொல்லணுமா?” கதவைச் சாத்திக்கொண்டாள். ஆனால் அதன்பிறகு ஒவ்வொரு வலிக்கும் உள்ளே இருந்து, “இருக்கீங்களா?” என்று குரல் வந்தது. நான் திருப்புளியால் இரும்புக் கதவைத் தட்டினேன். அவள் கேட்டாள், நான் தட்டினேன். எவ்வளவு நேரம் என்று இந்த முறையும் தெரியாது. ஆனால் இருவரும் சேர்ந்தே இருந்தோம்.

குழந்தை அழுகிற சத்தம் கேட்டபோது திருப்புளி என் கையிலிருந்து நழுவி லிப்ட் சந்துக்குள் விழுந்துவிட்டது.

நர்ஸ் துணியில் சுற்றிக் கொண்டுவந்தாள். பட்டை கட்டியிருந்த கையைத் தேடி நேராக மெக்கானிக்கிடம் போனாள். “அண்ணன்காரரே, தங்கச்சி பொறந்திருக்கா. அம்மா நல்லா இருக்காங்க.” பிறகு குரலைத் தாழ்த்தி, “அப்பா மொகத்தப் பாக்கக் கொடுத்து வைக்கல, பாவம்,” என்றாள்.

மெக்கானிக் குழந்தையைக் கையில் வாங்கவில்லை. “அவர்கிட்ட காட்டுங்க,” என்று என் பக்கம் கையைக் காட்டினார். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

நர்ஸுக்குப் புரியவில்லை. ஆனாலும் நல்ல மனசு, ஓர் அடி என் பக்கம் வந்து துணியை லேசாக விலக்கினாள். சிவப்பாக, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, எல்லாரையும் திட்டுகிற மாதிரி வாயைத் திறந்துகொண்டு என் மகள் இருந்தாள். நான் கையை நீட்டினேன்.

“தொடாதீங்க, கையெல்லாம் கிரீஸ்,” என்று நர்ஸ் சட்டென்று விலகினாள். “நீங்க யாரு?”

உண்மையைச் சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். கீழே கொண்டுபோய் வாசலில் நிறுத்துவார்கள். உள்ளே இருந்து, “இருக்கீங்களா?” என்று மனைவி மறுபடி கேட்டாள். குரலில் வலி இல்லை, சிரிப்பு இருந்தது. தட்டுவதற்குத் திருப்புளி இல்லை, விரல் முட்டியால் லிப்ட் கதவைத் தட்டினேன்.

“லிப்ட் பாக்க வந்தவன்மா,” என்றேன் நர்ஸிடம்.

“அப்ப லிப்டப் பாருங்க,” என்று சொல்லி அவள் என் மகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

நான் லிப்டைப் பார்த்தேன்.